எட்டிப் பார்க்க ஒரு ஆள் வேணும்

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து, இன்டர்னல், ரெக்கார்டு, செமினார் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்த விஷயம் இது. கடைசி வருடம் வந்துவிட்டது. இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன்.

நிரல் எழுதக் கற்றுக்கொள்ள இன்றைக்கு என்ன வசதி இல்லை? சி, ஜாவா, பைத்தான் எல்லாமே யூடியூபில் தமிழிலேயே கிடைக்கிறது. ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களை வீட்டில் உட்கார்ந்தபடி காசில்லாமல் பார்க்கலாம். சாட்ஜிபிடியிடம் கேட்டால் ராத்திரி 2 மணிக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறது. இவ்வளவு இருந்தும், எங்கள் துறையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து "நீயா யோசிச்சு ஒரு ப்ரோக்ராம் எழுது" என்றால் எழுதக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல் விட்டு எண்ணும் ஆட்களைத்தான் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் என்கிறேன். ஒருத்திக்கு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா இருக்கிறார். ஒருத்தன் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் சாரின் செல்லப்பிள்ளை. இன்னொருத்தனுக்கு விடுதியில் பக்கத்து அறை சீனியர். ஆளே இல்லாமல் தனியாகத் தேறியவர் என்று எங்கள் வகுப்பில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.

கிணற்றில் நீச்சல் பழகிய எல்லோருக்கும் இது புரியும். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி எண்ணெய்க் கேனோ கட்டிக்கொண்டு குதிக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் ஏற்கெனவே நீந்தத் தெரிந்த ஒரு மாமா மிதந்துகொண்டிருக்க வேண்டும். அவர் நம்மைத் தூக்கிப் பிடிக்கக்கூட வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஜெரால்ட் வெயின்பெர்க் என்ற அமெரிக்கர் 1971-ல் நிரல் எழுதுபவர்களின் உளவியலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கதை வருகிறது. மாணவர்கள் உட்கார்ந்து தங்கள் நிரலோடு மல்லுக்கட்ட ஒரு பொது அறை. பக்கத்திலேயே சந்தேகம் தீர்க்கும் ஆலோசகர்கள் இருக்கும் அறை. பொது அறையின் ஒரு மூலையில் காசு போட்டால் தின்பண்டம் தரும் இயந்திரங்கள் சில. அவற்றைச் சுற்றி எப்போதும் கும்பல், எப்போதும் சத்தம். யாரோ ஒன்றிரண்டு பேர் புகார் செய்ய, நிர்வாகம் அந்த இயந்திரங்களைத் தூக்கிவிட்டு மேஜைகளைப் போட்டது. சத்தம் அடங்கியது. கொஞ்ச நாளில் வேறு புகார் வந்தது: ஆலோசகர்கள் போதவில்லை, வரிசை நீண்டுகொண்டே போகிறது. விசாரித்தால், இயந்திரத்தைச் சுற்றி நின்று வெட்டியாகப் பேசியதாக நினைத்த கும்பல், பெரும்பாலும் தங்கள் நிரல்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. சில்லறைச் சந்தேகங்கள் எல்லாம் அங்கேயே தின்றபடியே தீர்ந்துபோயிருக்கின்றன. ஆலோசகர்கள் வரை வந்தது, அங்கே தீராத கடினமான கேள்விகள்தான்.

50 வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் நம் கல்லூரி ஆய்வகங்களில் சுவரில் முதலில் ஒட்டியிருப்பது "அமைதி காக்கவும்".

ஆய்வகம் எப்படி நடக்கிறது என்று வெளியாட்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அப்சர்வேஷன் நோட்டில் நோக்கம், வழிமுறை, நிரல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம் அதையே பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். வெளியீடு வந்ததும் மறுபடி அதையே அழகான கையெழுத்தில் ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது. அந்த நிரல் எங்கிருந்து வருகிறது? போன வருட சீனியரின் ரெக்கார்டிலிருந்து. அவருக்கு? அதற்கு முந்தைய வருடத்திலிருந்து. பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறி வருகிறது. ஆனால் அந்த சீனியர் அந்த நிரலை எப்படிப் புரிந்துகொண்டார், எந்த இடத்தில் தடுமாறினார் என்பது மட்டும் கைமாறுவதில்லை. உண்மையில் நமக்கு வேண்டியது அதுதான். மற்றதெல்லாம் ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டாம் வருடம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஆய்வகம். லிங்க்டு லிஸ்டில் முதல் முனையை நீக்கும் நிரல். என் அறைத்தோழன் எழுதியது ஆய்வகத்துப் பழைய கணினியில் அழகாக ஓடியது, கையெழுத்தும் வாங்கிவிட்டான். அவன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவன். வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்பது என்றால் அவனுக்கு வியர்த்துவிடும். அன்று ராத்திரி பக்கத்து அறை அண்ணன் இஸ்திரிப்பெட்டி கேட்டு வந்தார். வந்தவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"டேய், ஃப்ரீ பண்ணிட்டு அப்புறம் அதோட நெக்ஸ்ட்டைக் கேக்குற?"

"ஓடுதுண்ணா. லேப்ல சைனே வாங்கியாச்சு."

"உன் லேப்டாப்ல ஓட்டு பாப்போம்."

ஓட்டினான். செக்மென்டேஷன் ஃபால்ட். அதே நிரல், ஒரு எழுத்து மாறவில்லை!

அண்ணன் விசைப்பலகையைத் தொடவே இல்லை. ஒரு தாளை எடுத்து வரிசையாக நாலு கட்டம் போடச் சொன்னார், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு ஒரு அம்புக்குறி. "இப்ப முதல் கட்டம் ஒரு வாடகை வீடுன்னு வெச்சுக்க. அடுத்த வீட்டு விலாசத்தை இந்த வீட்டுச் சுவத்துலதான் எழுதி வெச்சிருக்க. ஃப்ரீ பண்றதுன்னா என்ன? வீட்டைக் காலி பண்ணி சாவியைக் குடுத்துட்ட. குடுத்தப்புறம் உள்ள போய் சுவத்துல விலாசம் தேடுற. சில வீட்டுக்காரர் சாவி வாங்கின அன்னிக்கே வெள்ளையடிச்சிருவாரு. சிலர் ஒரு மாசம் அப்படியே போட்டு வெச்சிருப்பாரு. உங்க லேப் வீட்டுக்காரர் இன்னும் வெள்ளையடிக்கல, அவ்ளோதான்."

அறைத்தோழன் ஒரு நிமிடம் தாளையே பார்த்தான். "அப்ப காலி பண்றதுக்கு முன்னாடி விலாசத்தை வேற ஒரு சீட்டுல எழுதி எடுத்துக்கணும்" என்றான். அந்தச் சீட்டுதான் புத்தகத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்கிற 'டெம்ப்' மாறி. அது எதற்காக அங்கே இருக்கிறது என்று அதுவரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணன் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மொத்தம் பத்து நிமிடம்.

இதில் நான் கவனித்த விஷயம் அந்த வாடகை வீட்டு உவமை மட்டும் இல்லை (அதுவும் பிரமாதம்தான், நான் இப்போது ஜூனியர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன்). அவன் கேள்வியே கேட்கவில்லை என்பதுதான். அவனைப் பொறுத்தவரை நிரல் ஓடுகிறது, கையெழுத்து வாங்கியாயிற்று, வேலை முடிந்தது. எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாதவன் கூகுளில் என்னவென்று தேடுவான்? தெரியாததைத் தெரியாது என்று நமக்குக் காட்டித் தர, அழைக்காமலே எட்டிப் பார்க்கும் ஒரு ஆள் வேண்டும். இஸ்திரிப்பெட்டி கேட்டு வந்தால்கூடப் போதும்.

இங்கேதான் சிலர் ஏகலைவனை இழுத்துக்கொண்டு வருவார்கள். குரு சொல்லித்தராமலே வித்தை கற்றான் இல்லையா, யூடியூப் பார்த்துக் கற்பவர்கள் நவீன ஏகலைவர்கள் இல்லையா என்று. ஏகலைவன் விஷயத்தில் எல்லோரும் பாராட்டுவது அவனுடைய உழைப்பை. அவனைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தானாகக் கற்றதாகச் சொல்லப்படும் பெரிய ஆட்களைப் பார்த்தாலும், கூர்ந்து பார்த்தால் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1975-76 கல்வியாண்டில் தான் படித்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கே வருகைப் பேராசிரியராகப் போனார். போனவர் ஒரு பாஸ்கல் மொழி அமைப்பை எழுத ஆரம்பித்தார். அதைக் கையில் எடுத்து வளர்த்தவர்கள் அங்கே படித்த இரண்டு மாணவர்கள், ஒருவர் பில் ஜாய். 1978-ல் பெர்க்லியிலிருந்து முதல் பிஎஸ்டி வெளியானது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் ஏறக்குறைய 9,000 வரிகள் கொண்ட யுனிக்ஸ் மூலநிரலை மாணவர்களுக்காக விளக்கி 1977-ல் ஒரு உரை எழுதினார். உரிமப் பிரச்சினையால் அதைப் புத்தகமாக விற்க முடியாமல் போக, 1996-ல் முறையாக அச்சில் வரும்வரை உலகம் முழுக்க ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். நம் ரெக்கார்டு நோட்டும் ஜெராக்ஸ்தான், அதுவும் ஜெராக்ஸ்தான். ஆனால் லயன்ஸ் நிரலோடு சேர்த்து, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்து இலங்கையைப் பாருங்கள். கூகுள் 2005-ல் சம்மர் ஆஃப் கோட் என்று ஒரு திட்டம் தொடங்கியது. திறமூல மென்பொருள் குழு ஒன்றில் சேர்ந்து, ஒரு வழிகாட்டியின் கீழ் சில மாதங்கள் நிரல் எழுதினால் உதவித்தொகை. (முதலில் மாணவர்களுக்கு மட்டும் என்று இருந்தது, 2022-லிருந்து 18 வயது நிறைந்த புதியவர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.) அதன் முதல் 10 ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்கள் தேர்வான பல்கலைக்கழகம் எது? நம் ஐஐடி எதுவும் இல்லை, அமெரிக்கப் பல்கலைக்கழகமும் இல்லை. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அங்கே படிப்பவர்கள் புத்திசாலிகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு வருடம் சிலர் தேர்வாகி, எப்படி விண்ணப்பம் எழுதுவது, வழிகாட்டியிடம் எப்படிப் பேசுவது, முதல் பிழைத்திருத்தத்தை எப்படி அனுப்புவது என்று அடுத்த வருடத்தாருக்குச் சொல்ல, அவர்கள் அதற்கடுத்த வருடத்தாருக்குச் சொல்ல, அது ஒரு சங்கிலியாகிவிட்டது என்பதுதான் என் கணிப்பு. நம்மிடமும் இப்படி ஒரு சங்கிலி இருக்கத்தான் செய்கிறது, நிரலுக்கு அல்ல, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு. எந்தக் கம்பெனியில் என்ன கேள்வி கேட்பார்கள் என்பது எந்த வருடமும் தவறாமல் கைமாறுகிறது!

சரி, இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன லிங்க்டு லிஸ்ட் பாடம் நடந்தது ஆண்கள் விடுதியில், இரவு 10 மணிக்கு மேல். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் விடுதிக்குச் சாயங்காலம் 6:30-க்குள் திரும்பியாக வேண்டும். வீட்டிலிருந்து வருகிறவர்கள் 4:15-க்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறியாக வேண்டும். ஆய்வகம் 8 மணி வரை திறந்திருக்கும் என்று சுற்றறிக்கை போடுகிறார்கள், யாருக்குத் திறந்திருக்கிறது? வகுப்புத் தோழி ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: "நீங்க ராத்திரி உக்காந்து பேசியே கத்துக்கறத நாங்க வீடியோ பார்த்துத்தான் கத்துக்கணும். நடுவுல சந்தேகம் வந்தா அந்த வீடியோ திரும்பிப் பேசாதில்ல." பெண்கள் விடுதியில் சீனியர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் அதே 6:30-ல் வளர்ந்தவர்கள்தான். பக்கத்தில் பார்த்துக் கற்கும் வாய்ப்பை ஒரு தலைமுறைக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தர ஆள் குறைந்துதான் போகும். இதைப் பாதுகாப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இன்டர்வியூவில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்.

இனி ஏஐ. இதைத் தொடாமல் இன்றைக்கு இந்தத் தலைப்பில் எழுத முடியாது. நான் அதற்கு எதிரி இல்லை, தினமும் பயன்படுத்துகிறேன். என் அறைத்தோழன் மாதிரி ஆட்களுக்கு அது பெரிய ஆறுதல். தமிழில் கேட்டால் தமிழிலேயே சொல்கிறது, எத்தனை தடவை கேட்டாலும் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்பதில்லை. அந்த மரியாதையை நம் ஆட்கள் பலர் அவனுக்குக் கொடுத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2008-ல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் புதியவர்கள் கேள்வி கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்ட கதைகள் கொஞ்சமா? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே புதிய கேள்விகள் பெருமளவு குறைந்துபோனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆனால் அந்தத் தளத்தில் ஒருவர் கேட்டு இன்னொருவர் சொன்ன பதில் மூன்றாவது ஆளுக்கும் கிடைத்தது. இப்போது ஒவ்வொருவரும் அவரவர் திரைக்குள் கேட்டு, அவரவர் திரைக்குள் பதில் வாங்கிக்கொள்கிறோம். விடுதி வராந்தாவில் நடந்து பாருங்கள், முதலாம் வருடத்துப் பையன்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். "அண்ணா, இது ஏன் ஓட மாட்டேங்குது" என்று என் கதவைத் தட்டியவர்கள் போன வருடமே குறைவு, இந்த வருடம் ஒரே ஒருவன். அவனும் வைஃபை பாஸ்வேர்டு கேட்கத்தான் வந்தான் :-)

இதில் நஷ்டம் அவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சொல்லித்தருகிறவனுக்குத்தான் முதல் லாபம். பாயிண்டரைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்பது, அதை ஒரு ஜூனியருக்கு விளக்க வாயைத் திறக்கும்போதுதான் எனக்கே தெரியும். 1999-ல் வெளிவந்த ஒரு பிரபலமான நிரலாக்கப் புத்தகத்தில் மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதனிடம் நிரலை வரி வரியாக விளக்கச் சொல்வார்கள். விளக்கும்போதே பிழை தானாகத் தெரிந்துவிடுமாம். நம் ஊரில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாத்தும் பிள்ளையாரும் "நீ சொன்னது புரியலையே" என்று திருப்பிக் கேட்பதில்லை. ஜூனியர் கேட்பான். ஏஐயோ நான் சொல்லாததையும் தானே நிரப்பிக்கொண்டு புரிந்ததாகத் தலையாட்டிவிடும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதுவும் பழக்கத்தில்தான் வரும். "ஓடல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. என்ன செய்தாய், என்ன வரும் என்று எதிர்பார்த்தாய், என்ன வந்தது, இந்த மூன்றையும் சொல்ல வேண்டும். எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று 2001-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல கட்டுரைதான். ஆனால் படித்து முடிக்கும்போது இனிமேல் வாயே திறக்கக்கூடாது என்று தோன்றும் அளவுக்கு அதில் ஒரு அதட்டல் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல சீனியர்கள் யாரும் அப்படி அதட்டியதில்லை. அந்த மூன்று கேள்வியையும் அவர்களே சிரித்துக்கொண்டு கேட்டுவிடுவார்கள். நாலு தடவை அவர்கள் கேட்டால் ஐந்தாவது தடவை நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம், பாதி நேரம் அவர் அறைக்குப் போகும் வழியிலேயே விடை கிடைத்துவிடும்.

சொல்லித்தருபவர்களுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து விசைப்பலகையைப் பிடுங்காதீர்கள். மடமடவென்று தட்டி, ஓடவைத்து, "பார்த்தியா, சிம்பிள்" என்று எழுந்து போகும் அண்ணன்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருவர் சேர்ந்து ஒரே கணினியில் நிரல் எழுதும் முறை கம்பெனிகளிலேயே இருக்கிறது, ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் பார்த்துக்கொண்டே யோசிப்பார், அவ்வப்போது இடம் மாறிக்கொள்வார்கள். கற்றுக்கொள்ள வந்தவனிடம்தான் விசைப்பலகை இருக்க வேண்டும். அவன் தடவித் தடவித் தேடுவதைப் பார்க்க நமக்குக் கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கல்லூரிக்கு வெளியே தேடுபவர்களுக்கு: சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும், பைத்தான் ஆட்கள் கூடும் சென்னைபையும் இருக்கின்றன. காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. விழுப்புரம் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகவே பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது. கணியம் ஆட்கள் திறமூல மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறார்கள். போய் முதல் இரண்டு கூட்டங்களில் ஒன்றும் புரியாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. முடிந்ததும் டீ குடிக்கப் போகும்போது கூடவே போய்விடுங்கள், அங்கேதான் விஷயம் நடக்கும்.

கல்லூரிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு: வரும் சனிக்கிழமையிலிருந்து வாராவாரம் மதியம் 2 மணி முதல் 4 மணி வரை, கேன்டீனில் வேப்பமரத்துப் பக்கம் இருக்கும் நீள மேஜை. 4:15 பேருந்துக்கும், விடுதி நேரத்துக்கும் இடிக்காத நேரமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம். அதனால்தான் ராத்திரி மெஸ் ஹாலில் வைக்கலாம் என்று சொன்ன நண்பர்களிடம் சண்டை போட வேண்டியதாயிற்று. இறுதியாண்டிலிருந்து நானும் இன்னும் நாலு பேரும் (அதில் இரண்டு பேர் பெண்கள்) இருப்போம். தமிழில்தான் பேசுவோம். லேப்டாப் இல்லாவிட்டாலும் வரலாம், தாளும் பேனாவும் போதும், கட்டம் போட்டுப் பார்க்கலாம். ஓடாத நிரலை மட்டும் கொண்டுவராதீர்கள். ஆய்வகத்தில் ஓடி, கையெழுத்தும் வாங்கிய நிரல் ஒன்றையும் எடுத்து வாருங்கள். முதலில் அதைப் பார்ப்போம்.